ஒரு ‘ங்க’வின் விலை

12.7.2005, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. கடையில் மின்விசிறி முதலாளி பாயின் மேசைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது, திரும்ப மறுக்கிறது. சொன்னால் “அதுக்கும் மொதலாளி யாருன்னு தெரியும்மா” என்கிறார்.

காலையில் வழக்கம்போல் பலகையை ஈரத்துணியால் துடைத்து டாலர், தினார், ரிங்கிட் எல்லாவற்றுக்கும் இன்றைய ரூபாய் விலையைச் சாக்பீஸால் எழுதினேன். பலகைக்கு மேலே சுவரில் இருக்கும் ஒரு வரியை மட்டும் நான் தொடவேண்டியதில்லை. ‘மலேசியாவில் 1 டாலர் = 3.80 ரிங்கிட்’. பச்சைப் பெயிண்ட். அந்த ஊர் சர்க்கார் ஏழு வருஷமாக விலையைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. பினாங்குக்குப் போகிறவன் வருகிறவன் எல்லோரும் இதையே கேட்டு உயிரை எடுக்கிறார்கள் என்று காஜா மொய்தீன் பாய் ஒரு நாள் பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதவைத்துவிட்டார். ராயபுரத்தில் வேறெந்தப் பணம் மாற்றுகிற கடையிலும் பெயிண்டில் எழுதிய விலையை நான் பார்த்ததில்லை.

வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஷாலுவின் ‘ங்க’.

கல்யாணமாகி இரண்டு மாதம். என் புருஷன் பக்தாவின் முதல் தாரத்து மகள் என்னிடம் பேசுவதெல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். “குளிக்கலாங்களா.” “ஸ்கூலுக்குப் போறேங்க.” கூப்பிடுவது மட்டும் கிடையாது. ஆன்ட்டி இல்லை, சித்தி இல்லை, ஒன்றுமில்லை. எதிரில் வந்து நின்று, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, மொட்டையாகப் பேச்சை ஆரம்பிக்கிறாள். ஒன்பது வயசு. அப்பனை “நைனா, இங்க வா” என்கிறாள். எனக்கு மட்டும் ரேஷன் கடைக்காரருக்குக் கொடுக்கிற மரியாதை.

பக்தாவுக்கு அதில் பெருமை. “பொண்ணு உன்கிட்ட எவ்ளோ மரியாதையா கீது பாத்தியா” என்கிறான். பாத்தேன்யா. பாத்துகினுதான் கீறேன்.

14.7.2005

கேழ்வரகுக் கூழ் கரைத்தேன். “போதுங்க” என்றாள். இன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

17.7.2005, ஞாயிறு

மாத்தூரிலிருந்து சொக்கம்மாள் அண்ணி வந்திருந்தார். பக்தாவின் அக்கா. ஷாலுவைப் பெற்ற கெங்கம்மா மஞ்சள் காமாலையில் போன பிறகு மூன்று வருஷம் பிள்ளைக்குத் தலைவாரிவிட்டவர், சோறு போட்டவர். அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

சாப்பிடும்போது கவனித்துவிட்டார். “இன்னாடி இது, மொட்டையா பேசிகினு கீற? அம்மான்னு கூப்டு. இன்னிலேர்ந்து அதான் உன் அம்மா. எங்க, கூப்டு பாக்கலாம்.”

ஷாலு சோற்றைப் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். பிறகு “அம்மா” என்றாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ சொல்வார்களே, அந்தக் குரல். உடனே எழுந்துபோய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

கிளம்பும்போது அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த ஒரு வருசம் பாக்குறேன் செங்கொடி. பொண்ணு உன்னாண்ட ஒட்டலன்னா பரிட்ச முடிஞ்சதும் என் வூட்டுக்கே இட்டுகினு பூடறேன். பக்கத்துலயே ஸ்கூல் கீது. நாளைக்கு உனுக்குன்னு ஒண்ணு பொறக்கும், அப்பால இது நடுவுல தவிக்கும்.”

பக்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா எதிரில் அவனுக்கு வாயே வராது. அண்ணி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் பிள்ளைக்காகத்தான் சொல்கிறார், என்னத்தைச் சண்டை போட?

நான் எதற்கு இந்தப் பிள்ளைமேல் இப்படி ஆசை வைத்தேன்? பக்தாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொன்னதே, முதல் நாள் அவள் ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு தானே பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான். அவனிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வான்.

19.7.2005

‘அம்மா’ கட்டாயம் என்று ஆனதும் பிள்ளை பேச்சையே நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமானால் தானே எடுக்கிறாள். தலை பின்னவேண்டுமானால் சீப்பை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி உட்காருகிறாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருக்க எத்தனை சொற்களை விட்டுக்கொடுக்கிறாள்.

மனசு தாங்காமல் பாயிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே டாலர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “முன்ன நம்ம ஊர்லயே சர்க்காரு ஒரு ரேட்டு போட்டு, இதுக்குதான் விக்கணும்னு உக்காந்துகினு இருந்துச்சு. இன்னா ஆச்சு? டாலரே கண்ணுல படாம பூடுச்சு. போர்டுல எழுதுறது ரேட்டு இல்லம்மா. நம்ம இல்லாத எடத்துல ரெண்டு பேரு பேசி கை மாத்திக்கிறான் பாரு, அதான் ரேட்டு.”

பிள்ளையைப் பற்றிச் சொன்னால் டாலரைப் பற்றிப் பேசுகிறார் மனுஷன். திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினேன். திருவொற்றியூர் வருவதற்குள் கோபம் போய்விட்டது. அவர் பிள்ளையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்.

22.7.2005, வெள்ளி

கடையில் இன்று ஒரே ரகளை. நேற்று சாயங்காலம் சீனா, டாலரோடு கட்டிவைத்திருந்த தன் பணத்தை அவிழ்த்தது, அதே வேகத்தில் மலேசியாவும் அவிழ்த்துவிட்டது. மூணு எண்பது இனி கிடையாது. காலையிலேயே வாசலில் கூட்டம். ஜெரினாக்கா, மகனை மலேசியாவில் கிள்ளானில் ஓட்டல் வேலைக்கு அனுப்பியவர், என் சேலைத் தலைப்பையே பிடித்துக்கொண்டார். “ஒரே நாள்ல ஏறிடுமா செங்கொடி? கைல கீறத மாத்தவா, வெச்சுக்கவா?”

பாய் பதில் சொன்னார். “ஒரே நாள்ல ஏற வுடமாட்டான்க்கா. காத்தாடிக்கு நூல் வுடறாப்ல கொஞ்சம் வுடுவான், காத்து ஜாஸ்தியா கீதுன்னா இழுத்துப்பான். நூலு அவன் கைலதான் இருக்கும்.” சொல்லிவிட்டுத் தன் பச்சைப் பெயிண்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “சாக்பீஸ்ல எழுதியிருக்கலாம்” என்றார். பிறகு ஒரு காலண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டினார்.

பேப்பரில் சீனாக்காரன் சங்கதி போட்டிருந்தது. ஒரு நாளில் டாலருக்கு எதிராக இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்று கோடு போட்டிருக்கிறான். நூற்றுக்கு ஒன்றில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. மறுநாள் அங்கிருந்து மறுபடி அவ்வளவு. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய தேசத்துக்கே ஒரே நாளில் மாற தைரியமில்லை. ஒன்பது வயசுப் பெண்ணை ஒரு சாப்பாட்டு நேரத்தில் மாறச் சொல்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் ஷாலுவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். “அம்மான்னு கூப்ட வேணாம்மா. உனக்கு எது வருதோ அதைக் கூப்பிடு. ஒண்ணும் வரலன்னா மொட்டையாவே பேசு. பேசினா போதும்.”

“அத்த திட்டுவாங்களே” என்றாள்.

“அத்தை வர்றப்போ மட்டும் அம்மான்னு சொல்லிடு. அது போர்டு ரேட்டு.”

“போர்டு ரேட்டுன்னா இன்னாங்க?”

சொன்னேன். பலகையில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று நடக்கும் என்று. நகைப்பெட்டிபோல் முகம் திறந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான், அப்படி ஒன்றுமில்லை. “அப்போ பாய் பொய் எழுதுறாரா?” என்று கேட்டாள். ஐந்து நாளில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. பாயின் மானம் போனால் போகட்டும் என்று “கொஞ்சூண்டு” என்றேன்.

9.8.2005

ஏமாற்றம். ரிங்கிட் அசையவே இல்லை என்று சொல்லலாம். ஜெரினாக்கா தினமும் வந்து பலகையைப் பார்த்து “இதுக்கா அவுத்து வுட்டான்” என்று கேட்டுவிட்டுப் போகிறார். எனக்கும் அதே கேள்வி வீட்டில்.

4.9.2005, ஞாயிறு

இன்று நடந்ததை யாரிடமும் சொல்லமுடியாது, பைத்தியம் என்பார்கள். அதனால் இங்கே.

துணி துவைத்துவிட்டு வந்தேன். ஷாலு அடுப்படியில் நின்றுகொண்டு “சாப்ட்டாச்சா?” என்று கேட்டாள். ‘சாப்ட்டீங்களா’ இல்லை. ‘சாப்ட்டியா’வும் இல்லை. சாப்ட்டாச்சா. யார் சாப்பிட்டது என்றே சொல்லாத கேள்வி. அப்புறம் கவனித்துக்கொண்டே இருந்தேன். “கடைக்குப் போவணுமா?” “எப்போ தூங்கறது?” எல்லாம் அதே மாதிரி. ‘ங்க’வைக் கீழே வைத்துவிட்டாள், ‘நீ’யை இன்னும் எடுக்கவில்லை. நடுவில் இப்படி ஒரு இடம் இருக்கிறதே, மாமியார் மருமகள் எல்லாம் ஒளிந்துகொள்கிற இடம், அதை இந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தது?

திங்கட்கிழமை கடையில் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. பாய் கேட்டார், சொன்னேன். “எங்க வூட்ல முப்பது வருசமா ஒண்ணும் சொல்லி கூப்டதில்ல. இருமுவாங்க. நான் திரும்பிப் பாப்பேன்” என்றார். (இது மறுநாள் எழுதியது.)

27.10.2005, வியாழன்

மழை. மழை என்றால் இது மழை. பள்ளிக்கூடம் லீவு, கடைக்கும் போகமுடியவில்லை. மதியம் தெருவில் முழங்கால் தண்ணீர். பால் பாக்கெட் வாங்கலாம் என்று இறங்கினேன். பக்தா வாசலில் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து ஒரு கத்தல். “அங்க போவாத. மூடி தொறந்துகீது. நீ இங்க வா, வா சொல்றேன்.”

நின்றேன். எனக்கு ஓரடி முன்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாக்கடை மூடியை யாரோ தண்ணீர் வடிய எடுத்திருக்கிறார்கள். ஷாலு படியில் நின்று அழுதுகொண்டே கத்துகிறாள். நீ. வா. போவாத. நான் அப்படியே நின்றது சாக்கடையைப் பார்த்தா, அவள் சொன்னதைக் கேட்டா, தெரியவில்லை. திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன்.

அதற்குள் இந்த ஆள். “இன்னா பேச்சு இது? பெரியவங்கள நீ வான்றதா? வாங்கன்னு சொல்லு.”

பிள்ளை அழுகையை முழுங்கினாள். “வாங்க” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அடப்பாவி மனுஷா. நாலு மாசம்யா. நாலு மாசமா ஒவ்வொண்ணா எறங்கி வந்துச்சு, ஒரே அதட்டல்ல பழைய எடத்துக்கே தூக்கி வெச்சிட்டியே.

28.10.2005

நேற்று பேசவில்லை. இன்று பேசினேன். நன்றாகவே பேசினேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவன் அப்பாவியாக நிற்கிறான். “நல்லதுதானே சொன்னேன். ரெண்டாவது வந்தவள பொண்ணு மதிக்கலன்னு நாளைக்கு நாலு பேரு உன்னதானே பேசுவான்?”

அட. இவன் எனக்காகத்தான் அந்த ‘ங்க’வைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறான். கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு சொன்னேன். “யோவ், மலேசியாவுல ஒரு டாலருக்கு மூணு எண்பது ரிங்கிட் குடுத்தான். நாளைக்கு மூணு எழுபது குடுத்தா போதும்னு வெச்சுக்க. நம்பர் கொறயுது. ரிங்கிட்டுக்கு மதிப்பு கொறஞ்சுதா, கூடுச்சா?”

விரல்விட்டுப் பார்த்தான். “கூடுச்சு.”

“அதே மாதிரிதான்யா. ‘ங்க’ கொறயட்டும் வுடு.”

புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் அங்கேயே நின்றான். “கெங்கம்மாவ அது வா போன்னுதான் கூப்டும்” என்றான். அப்புறம் அவன் அழுதான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பொறாமையாக இருக்கவில்லை. இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையும் ஒன்று கேட்டான். “நீ மட்டும் இன்னா? ஒரு நாளாச்சும் அவள ‘டி’ போட்டு திட்டிகீறியா? வாம்மா போம்மான்னு விருந்தாளி மாதிரிதானே வெச்சுகினு கீற?”

‘டி’ நாக்கில் வரமாட்டேன் என்கிறது. என்ன பயமோ.

6.11.2005

‘சாப்ட்டாச்சா’ திரும்பி வந்திருக்கிறது. அதற்கே சாமி படத்துக்கும் பக்கத்தில் மாட்டியிருக்கும் புத்தர் படத்துக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றினேன்.

15.1.2006, ஞாயிறு

பொங்கலுக்கு அண்ணி வந்தார். ஷாலு நேராக என்னிடம் வந்து, “அம்மா, அத்தைக்கு காப்பி குடுங்கம்மா” என்றாள். ஒரு ‘அம்மா’ போதாதென்று இரண்டு. சொல்லிவிட்டு அத்தைக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து, உதட்டை அசைத்து ‘போர்டு ரேட்டு’ என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டி, காப்பியைச் சிந்தினேன்.

ஆனால் அண்ணி ஏமாறுகிறவரா? “வாய்தான் சொல்லுது, ஒட்டல” என்றார் போகும்போது. “பரிட்ச முடியட்டும்.”

மாலை ஷாலு கேட்டாள். “மாத்தூருக்கு அனுப்பிடறதா?”

யார் அனுப்புவது என்று இதிலும் இல்லை. “நான் அனுப்பமாட்டேன். நீ போகணும்னா போகலாம், வரணும்னா வரலாம்” என்றேன். சரியாகச் சொன்னேனா? இழுத்துப் பிடித்து “எங்கயும் போகக்கூடாது” என்று சொல்லியிருக்கவேண்டுமோ?

22.4.2006, சனி

பரீட்சை முடிந்தது. அண்ணி வந்தார். முதலில் ஒரு மாசம் லீவுக்கு, பிடித்திருந்தால் அங்கேயே பள்ளிக்கூடம் என்று பேச்சு. பக்தா என்னைப் பார்த்தான். நான் ஷாலுவைப் பார்த்தேன். அவள் “போய்ட்டு வரேன்” என்றாள். போகிறேன் இல்லை, போய்ட்டு வரேன். ஆனால் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்.

பையில் ரிப்பன் வைக்க மறந்துவிட்டேன். பஸ் போன பிறகுதான் பார்த்தேன், கொடியில் தொங்குகிறது.

3.5.2006

போன் பண்ணவில்லை. கை தினமும் போனிடம் போகிறது. பண்ணினால் அண்ணி பக்கத்தில் நிற்பார், பிள்ளை போர்டு ரேட்டில் பேசும். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. கூழ் கரைத்தால் மீந்துபோகிறது. பக்தாவும் நானும் ஒருவரையொருவர் “சாப்ட்டாச்சா” என்று கேட்டுக்கொள்கிறோம்.

12.5.2006, வெள்ளி

ரிங்கிட் மூணு அறுபதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு நாளும் யாரும் கவனிக்கவில்லை, பத்து மாசத்தில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. ஜெரினாக்காவுக்கு வாயெல்லாம் பல். பாய் காலண்டரைக் கழற்றிவிட்டுப் பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தார். என்ன எழுதவேண்டும் என்று அவர் கேட்டதற்கு, “ஒண்ணும் எழுதாத, வெள்ள அடிச்சிட்டு போ” என்றார்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. பாய் எடுத்தார். கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“யாரோ பொண்ணும்மா. ‘எங்கம்மா வந்துச்சா’ன்னு கேக்குது. ராங் நம்பரா?”

கடையில் வேலை பார்க்கிற பொம்பளை நான் ஒருத்திதான். ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. என்னிடம் சொல்லவில்லை அவள். நான் இல்லாத இடத்தில், கண்ணால்கூடப் பார்த்திராத பாயிடம் சொல்லியிருக்கிறாள். வந்துச்சா. பெற்றவளைச் சொல்கிற மாதிரி.

ரிசீவரை வாங்கினேன். “ஹலோ” என்றுகூடச் சொல்ல விடவில்லை.

“நீ இன்னா, ஒரு போன்கூட பண்ல? என் ரிப்பன் எங்க வெச்ச?”

“கொடியில கீது.”

“நீ எப்போ வர்ற? நைனாவ அனுப்பாத. நைனா அத்தைய பாத்தா வாயே தொறக்காது. நீ வா.”

“அத்தைகிட்ட சொன்னியா?”

“சொல்லிட்டேன். எங்கம்மா வந்து இட்டுகினு போவும்னு.”

“இன்னா சொன்னாங்க?”

“மரியாதையா பேசுன்னாங்க. அப்பால சிரிச்சாங்க. துணியெல்லாம் மடிச்சு வெச்சிட்டாங்க. நாளைக்கு வரியா?”

கண்ணெல்லாம் மறைத்துவிட்டது. பெயிண்டர் ஏணிமேல் நின்று வேடிக்கை பார்க்கிறார், பாய் இருமுகிறார், ஜெரினாக்கா சேலைத் தலைப்பை நீட்டுகிறார்.

“வர்றேன்டி” என்றேன்.